காலை உயரம்

"நீ காலையில உயரமா, சாயங்காலம் உயரமா?" என்று பள்ளி மருத்துவ அறை டீச்சர் ஒரு நாள் என்னிடம் கேட்டார், நான் வகுப்புக்குப் போகாமல் அந்த அறையின் திரைக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து நாளைக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது, கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை, அவருக்கும் பொழுது போகவில்லை போலிருக்கிறது, அளவுகோலில் நிற்க வைத்தார், மூன்று மணிக்கு மறுபடி நிற்க வைத்தார், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தேன்... எங்கே போனது அது? முதுகெலும்புக்கு நடுநடுவே இருக்கிற மெத்தை பகல் முழுக்க அமுங்குகிறதாம், படுத்தால் திரும்ப ஊறிக்கொள்கிறதாம். பள்ளிக்கூடத்தில் நான் தெரிந்துகொண்டதில் இன்றைக்கு உதவப்போவது அது ஒன்றுதான். மணி எட்டு இருபது, கேளிக்கைப் பூங்காவின் கதவு திறக்க இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது, என் அக்கா மகள் கொனோமி அவள் தம்பியின் தள்ளுவண்டியில் மல்லாந்து படுத்திருக்கிறாள், கால் இரண்டும் வெளியே தொங்குகின்றன, வண்டிக்குச் சொந்தக்காரனான இரண்டு வயது எய்த்தா கீழே நின்று அழுகிறான், அங்கே தண்டவாளத்தில் சரிந்து பாய்கிற மரங்கொத்தி மலைரயிலில் ஏற நூற்றிரண்டு சென்டிமீட்டர் வேண்டும், கொனோமி காலையில் நூற்றிரண்டு, மாலையில் நூற்றொன்று, ஆக இன்றைய நாளின் திட்டம் முழுவதும் இந்த ஒரு முதுகைச் சுற்றித்தான்.

பத்தொன்பது நாள் அளந்தேன். குளியலறைக் கதவுச் சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, பிறகு என் பச்சை நோட்டில் எண். எழுந்தவுடன் நூற்றிரண்டு புள்ளி ஆறு, ஒரு மணி நேரம் நின்று ஓடிய பிறகு நூற்றிரண்டு புள்ளி ஒன்று, மதியச் சோற்றுக்குள் நூற்றொன்று புள்ளி எட்டு, அழுத நாளில் கொஞ்சம் கூடுதலாகக் குறைகிறதா என்று ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் தெரியவில்லை. அந்த நோட்டை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. அக்காவுக்குக் கொடுத்தது அதிலிருந்து எடுத்து எழுதிய ஒற்றைத் தாள், எத்தனை மணிக்கு எந்த ரயில், எந்தக் கதவருகே நிற்க வேண்டும், எந்தக் கழிப்பறையில் குழந்தைக்கு உடை மாற்றும் மேசை இருக்கிறது, சோறு பதினொன்றுக்கு முன்னாலேயே, ஏனென்றால் பதினொன்றரைக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். அந்தத் தாளில் காரணங்கள் இல்லை. காரணம் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் கம்மிப்போகும். கொனோமியை விடியற்காலை தூக்கத்திலேயே உடை மாற்றி, தூக்கத்திலேயே ரயிலேற்றி, அக்கா மடியில் கிடத்திக் கொண்டுவந்தோம், விழித்தது எட்டு பத்துக்கு, இந்த வரிசையில்தான். எழுந்து நிற்க அவளுக்கு இன்றைக்கு அறுபது நிமிஷம், அதற்கு மேல் நின்றால் என் எண்கள் பொய்யாகிவிடும்.

"ஏன்டி சிகுசா, எம் பொண்ணு என்ன சூடான ரொட்டியா, நிமித்தி வச்சா அமுங்கிப்போறதுக்கு?" என்றாள் அக்கா, எய்த்தாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டே. ரொட்டி இல்லக்கா, ஸ்பாஞ்ச் கேக்கு, என்றேன், பின்னால் விரிப்பில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டாள், நான் முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். எத்தனை விரிப்புகள்... நீலம், மஞ்சள், பூப்போட்டது, ஒவ்வொன்றின் மீதும் ஒரு குடும்பம், பிப்ரவரிக் கடல்காற்றில் சூட்டுப்பைகளைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு, சோற்றுருண்டையைப் பிரித்துத் தின்றுகொண்டு. இவர்கள் எல்லாரும் செவ்வாய்க்கிழமையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எனக்குச் செவ்வாய்க்கிழமையைத் தெரியும், பள்ளிக்குப் போகாதவளுக்குத்தான் தெரியும், செவ்வாய் காலை பத்து மணிக்கு நூலகத்தில் யார் இருப்பார்கள், பூங்கா ஊஞ்சல் எவ்வளவு ஈரமாக இருக்கும், உலகம் எவ்வளவு காலியாக இருக்கும் என்று. மற்றவர்கள் வேலையிலும் வகுப்பிலும் இருக்கிறபோது உலகத்தில் மீதி இருக்கிற இடம் அது, அதில் ஒன்றரை வருஷம் இருந்திருக்கிறேன், அதனால்தான் எந்த நாள் கூட்டம் இருக்காது என்று அக்கா கேட்டபோது யோசிக்காமல் செவ்வாய் என்றேன்.

அக்காவுக்கு இது ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மழலையர் பள்ளியில் குட்டையானவர் முன்னால் என்று உயர வரிசையில் நிற்க வைக்கும்போது கொனோமிதான் முதல், எல்லாப் பிள்ளைகளும் முன்னால் நிற்பவரின் தோளை நோக்கிக் கை நீட்டுவார்கள், முதலில் நிற்பவளுக்கு முன்னால் ஆள் இல்லை, அவள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். விளையாட்டு விழாவில் அக்கா அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது சுமுகி என்ற பிள்ளையின் அம்மா, "எங்க சுமுகி மரங்கொத்தியில ரெண்டு தடவை ஏறிட்டா, உங்க பாப்பாவுக்கு இன்னும் நாளாகும் இல்ல?" என்றாளாம். சும்மா கேட்டிருக்கலாம். அக்கா அன்று இரவு உணவுக்குப் பால் வாங்கி வந்தாள், மறுநாளும் பால், மறுநாளும். வருகிற மாதம் அத்தானுக்குத் தொலைவிலிருக்கும் குமாமோட்டோவுக்கு மாற்றல், வீட்டைக் காலி செய்து எல்லாரும் போகிறார்கள், நான் அம்மாவிடம் திரும்பிப் போவேன், ஆகவே இன்றைக்கு விட்டால் இல்லை. "ஒரே ஒரு தடவைடி, அவ ஏறி எறங்கினா போதும்" என்று சொன்னபோது அக்கா என்னைப் பார்க்கவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், அக்கா என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்றுகூடக் கேட்டதில்லை, கேட்காமலே இடம் கொடுத்தவள், அவளுக்கு நான் கொடுக்கக்கூடியது இந்த ஒரு நாள்தான், அதுகூடச் சரியாக வராவிட்டால் நான் எதற்கு?

கதவு திறந்தது. ஓடக்கூடாது என்று ஒலிபெருக்கி சொல்ல, எல்லாரும் ஓடாமல் ஓடினார்கள், முழங்கால் மடங்காத ஒரு நடை, ஆயிரம் பேர் அப்படி நடப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, வண்டியைத் தள்ளிக்கொண்டு நானும் அப்படித்தான் நடந்தேன். ஒன்பது ஏழு, பாலம். ஒன்பது ஒன்பது, மணிக்கூண்டு. அங்கே, என் தாளில் இல்லாத இடத்தில், உள்ளே ஆள் நிற்கிற ஒரு பெரிய துணி நீர்நாய் கையாட்டிக்கொண்டு நின்றது... ஒன்பதரைக்கு முன்னால் அது வெளியே வராது என்றல்லவா எழுதியிருந்தேன்! கொனோமி வண்டியிலிருந்து குதித்துவிட்டாள். குதித்தாள் என்றால் இரண்டு காலும் சேர்த்து, தொப்பென்று. நீர்நாயோடு குதித்தாள், நீர்நாயைச் சுற்றிக் குதித்தாள், ஒவ்வொரு குதிக்கும் மெத்தைகள் அமுங்குவது என் பல்லில் தெரிந்தது. அக்கா தாளையும் மறந்து படம் எடுத்தாள். "அக்கா..." என்றேன். "இருடி, அவ சிரிக்கறா பாரு!" சிரித்தாள்தான். அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது, அதையும் எந்த நேரத்தில் என்று குறித்துக்கொண்டேன், ஏன் குறித்தேன் என்று தெரியாது. குதித்தது பதினோரு நிமிஷம்.

மலைரயிலின் வாசலில் மரத்தால் செய்த ஒரு மரங்கொத்தி, அதன் அலகு தரையிலிருந்து சரியாக நூற்றிரண்டு, காலணியைக் கழற்றச் சொல்வார்கள், உச்சந்தலை அலகைத் தொட வேண்டும். அக்கா காலையில் ரயிலிலேயே உச்சியில் ஒரு கொண்டை போட்டு வைத்திருந்தாள், வேலை செய்கிற பெண் சிரித்துக்கொண்டே கொண்டையை இரண்டு விரலால் நகர்த்தி, "பாப்பா, குதிகால் பின்னாடி... தாடையை உள்ள இழுங்க... சமத்து" என்றாள். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன், என்னால் முடிந்தால் என் ஒரு சென்டிமீட்டரைக் கொடுத்திருப்பேன். அலகின் நுனி கொனோமியின் வகிட்டில் ஒரு மயிரிழையை அசைத்தது. "தொடுதே! ஏறலாம்!" என்று அந்தப் பெண் கை தட்டினாள், "தொட்டுச்சு, தொட்டுச்சு!" என்று அக்கா எய்த்தாவைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கொனோமியின் மணிக்கட்டில் காகிதப் பட்டையைக் கட்டியபோது அதையும் படம் எடுத்தாள், "நான் எய்த்தாவோட வெளியில வர்ற பக்கம் நிக்கறேன், கேமராவோட. சிகுசா, ரெண்டு பேரும் மேல பாத்து கையாட்டணும், சரியா? கொனோமி, சந்தோஷம்தானே?" என்றாள். "ம்" என்றாள் கொனோமி.

நாற்பது நிமிஷ வரிசை. குகை மாதிரி வளைந்து வளைந்து போகிறது, ஓர் ஆளை ஐந்து தடவை பார்க்கிறோம், ஒவ்வொரு தடவையும் பார்க்காத மாதிரி இருக்கிறோம். காத்திருக்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? என் முன்னால் இருந்த பையன்கள் இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தார்கள், நான் பையன்களைப் பார்த்தேன், கொனோமி சுவரைப் பார்த்தாள். இனி அவள் எவ்வளவு அமுங்கினாலும் கவலை இல்லை, பட்டை கட்டியாகிவிட்டது, எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது, அத்தனை எண்களும் சரியாக வந்துவிட்டன, இன்றிரவு நோட்டில் இதை எப்படி எழுதுவது என்று வரிகூட ஓடிக்கொண்டிருந்தது, அப்போது என் கையை இழுத்தாள். "சித்தி, சாயங்காலம் நான் திரும்பச் சின்னதாயிடுவேனா?" ஆமாம், எல்லாரும்தான் ஆவாங்க. "சுமுகியும்?" சுமுகியும். "அம்மாவும்?" அம்மாவும். "அப்ப எல்லாரும் சேந்துதான் சின்னதாகறோமா?" ஆமாம். கொஞ்ச தூரம் நடந்தோம். மேலே தடதடவென்று வண்டி போயிற்று, ஒரே அலறல், கூரையிலிருந்து தூசி விழுந்த மாதிரி இருந்தது. "நான் உயரமாயிட்டா வரிசையில ரெண்டாவதா நிக்கணுமா?" அப்படித்தான் வரும், என்றேன், என் கவனம் அலறலை எண்ணுவதில் இருந்தது, எத்தனை நொடிக்கு ஒரு வண்டி என்று. "அப்ப கையை இப்படி வைக்க முடியாதே" என்று இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக் காட்டினாள், முதுகை நிமிர்த்தி, கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி.

நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். விளையாட்டு விழாப் படத்தில் அவள் நின்றது அப்படித்தான், நாங்கள் எல்லாரும் அதைச் சின்னப் பெண் என்று பார்த்தோம், அவள் எதைப் பார்த்தாள்? முன்னால் யாரும் இல்லாத மைதானத்தையா? இந்த ரயில் வேண்டும் என்று முதலில் சொன்னது யார்... சுமுகியின் அம்மா கேட்டாள், அக்கா சொன்னாள், நான் அளந்தேன், அத்தான் டிக்கெட் வாங்கினார், கொனோமி? பத்தொன்பது நாள் என் நோட்டில் காலை மாலை எண் இருக்கிறது, என்ன சாப்பிட்டாள், எப்போது அழுதாள், எப்போது தூங்கினாள் என்று இருக்கிறது, அவள் சொன்னதாக ஒரு வரி இருக்கிறதா என்று பக்கம் பக்கமாக மனதுக்குள் புரட்டினேன், "ம்" இருக்கிறது. போகலாமா? ம். ஆசையா இருக்கா? ம். பால் குடிச்சாச்சா? ம். எனக்கு அந்த "ம்"மைத் தெரியாதா? நாளைக்குப் பள்ளிக்குப் போறியா என்று அம்மா ஒவ்வோர் இரவும் கேட்டபோது, எத்தனை மாதம் அதையே சொல்லியிருக்கிறேன், அம்மாவின் முகம் அதைக் கேட்டதும் கொஞ்சம் தளரும், அதற்காகவே சொல்வேன். அப்படியானால் கேட்டுவிடலாம் அவளிடம், இப்போதே, குனிந்து... கேட்டால் "ம்" என்பாளே, எப்படிக் கேட்டால் வேறு வார்த்தை வரும்? வெளியே அக்கா கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், எய்த்தா நழுவ நழுவ ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு. ஒருவேளை ஏறிவிட்டால் பிடித்துப்போகுமோ? ஒருவேளை பயம் மட்டும்தானோ, பயம் என்றால் ஏறினால் தீர்ந்துவிடும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், என்னிடமும் சொன்னார்கள்.

"எத்தனை பேர் வர்றீங்க?" என்றாள் வண்டியில் ஏற்றிவிடுகிற பெண். வரிசை தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமா? நான் வழக்கம்போல் குரல் வராமல் இரண்டு விரலைக் காட்டினேன். "முன் இருக்கை! அதிர்ஷ்டசாலிதான் பாப்பா நீங்க" என்று அவள் தரையில் ஒட்டியிருந்த எண் ஒன்றைக் காட்டினாள். இரண்டு விரலைக் காட்ட நான் விட்ட கையை மறுபடி பிடிக்கத் துழாவினேன், இல்லை. இடதுபக்கம், சுவரின் அதே பாறை நிறத்தில் ஒரு சின்னக் கதவு, மனம் மாறியவர்களுக்கென்று வைத்திருக்கிறார்கள், அதை நானும் தாளில் எழுதவில்லை, நோட்டில்கூட எழுதவில்லை, யாரும் அதைக் கொனோமிக்குச் சொல்லவும் இல்லை. அவள் அழவில்லை. முகம் கழுவிவிட்டு வருகிறவள் மாதிரி, அவசரம் இல்லாமல் போய், உடம்பு முழுவதையும் சாய்த்து அதைத் தள்ளினாள், வெளியே இருந்து செவ்வாய்க்கிழமை வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. நானும் ஒரு நாள் இரண்டாவது பாடவேளைக்கு நடுவே எழுந்து இப்படித்தான் போயிருப்பேன், பின்னாலிருந்து பார்த்தால் இவ்வளவு சாதாரணமாகவா இருந்தது அது? ஏற்றிவிடுகிற பெண் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள், வண்டி வந்து நின்று எங்கள் இரண்டு பேருக்கான பாதுகாப்புக் கம்பி மேலே தூக்கிக்கொண்டது, கொனோமி கதவுக்கு வெளியே படி ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.