எதிரே ஆள் வேண்டும்

வக்கீல்கள் அறையில் அவளுடைய நாற்காலியைக் காணோம். மேசை இருந்தது, அதன்மேல் நேற்று மறந்துவிட்டுப் போன குடை இருந்தது. நாற்காலி மட்டும் கால் முளைத்துப் போய்விட்டது.

"எங்கே சார்?" என்று சீனியரிடம் கேட்டாள்.

"சங்கத்துல ஒரே குரலா முடிவு பண்ணியாச்சும்மா. அந்த ரொட்டி வேன் டிரைவருக்கு யாரும் ஆஜராகக் கூடாது. குடிச்சுட்டு ஒரு சின்னப் பொண்ணு மேல வேனை ஏத்திக் கொன்னவன். நீ வக்காலத்து போட்டா, இங்கே உனக்கு இடம் இல்லை, அவசரம்."

அவசரம் என்பது கோர்ட் வராந்தா அவளுக்கு வைத்த பட்டப்பெயர். அவள் நடந்தாலே ஓடுவதுபோல் இருக்கும்.

"அப்ப நின்னுக்கறேன் சார். எனக்கு நிக்கறதுதானே தொழில்?"

குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தா ஜன்னல் திட்டில் வழக்குக் கட்டைப் பிரித்தாள். டிரைவர் குடித்திருந்தான். ரத்தப் பரிசோதனை சொல்கிறது, அவனே சொல்கிறான். ஆனால் போட்டிருப்பதோ கொலை வழக்கு, வேண்டுமென்றே ஏற்றினானாம். சாலையில் டயர் இழுத்த கரும்பட்டையோ, அவன் பிரேக் அடித்தான் என்கிறது. இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லையென்றால், மீதி ஆயுள் முழுக்க அவன் உள்ளேதான்.

காகிதத்தின்மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், செத்துப்போன பெண்ணின் அப்பா. வாலிபால் பயிற்சியாளர், விசில் இன்னும் கழுத்திலேயே தொங்கியது. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று குடையை இறுக்கிப் பிடித்தாள்.

"நீதான் அவன் வக்கீலாம்மா?"

"ஆமா சார்."

"நிப்பியா, இல்ல இவங்க முறைச்சா ஓடிருவியா?"

"ஓடுற மாதிரி தெரியும் சார். ஓட மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "வக்கீல் இல்லை, வக்கீல் இல்லைன்னு கேஸைத் தள்ளிக்கிட்டே போறாங்க. எதிர் டீம் வரலைன்னு குடுத்த கப்பைத் தூக்கித் திருப்பிக் குடுத்தவ என் பொண்ணு. எதிரே ஆள் இல்லாம ஜெயிச்சுட்டு அவ போட்டோ முன்னாடி நான் எப்படி நிப்பேன்? வா, மோது."

"மோதுவேன். அவன் குடிக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கொலைன்னு சொன்னா விட மாட்டேன். நேர்ல பாத்த சாட்சி நீங்க. உங்களையே கேப்பேன். வயிறு எரியும் சார்."

"எரியட்டும். கத்துவேன். ஆனா பதில் சொல்லுவேன்."

விசாரணை தொடங்கிய அன்று, "குற்றம் சாட்டப்பட்டவருக்கு யார் ஆஜராகிறீர்கள்?" என்று நீதிபதி கேட்டார். அவள் எழுந்தாள். பின்னால் நாற்காலிகள் கிரீச்சிட்டன; கறுப்புக் கோட்டுகள் வரிசையாக வெளியேறின, கடைசியில் சீனியர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

செத்துப்போன பெண்ணின் அப்பா சாட்சிக் கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்டு முடித்ததும் அவள் முறை வந்தது.

"மோதறதுக்கு முன்னாடி பிரேக் சத்தம் கேட்டுச்சா சார்?"

அவர் கை விசிலைப் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அரசு வக்கீல் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"கேட்டுச்சு," என்றார். உடனே குற்றவாளிக் கூண்டின் பக்கம் திரும்பி, கட்டடம் அதிரக் கத்தினார்: "அதுக்காக உன்னை விட்டுருவேன்னு நினைக்காதேடா!"

"அமைதி!" என்று மேசையைத் தட்டினார் நீதிபதி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உட்காரவில்லை.

"அடுத்த கேள்வி, சார்."

"கேளு," என்றார் அவர்.