ஓடப் பிறந்ததும் உடன்நடக்கப் பிறந்ததும்

கிழக்கே சிறுமலையின் தோள்மீது கதிரவன் ஏறி, மேற்கே கொடைக்கானல் மலைகளின் நீல மடிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்ட, இடையே விரிந்த சமவெளியில் மல்லிகைத் தோட்டங்கள் பூப்பறிப்போரின் பேச்சொலியால் விழித்துக்கொண்ட ஒரு பங்குனிக் காலையில், கொடைரோடு தொடர்வண்டி நிலையத்தை நோக்கிய மண்பாதையில் ஒரு பெண் தன் நாயோடு நடந்துவந்தாள். அவள் பெயர் இசைவாணி. மூன்றாண்டுகளுக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல் அவள் இரு கண்களின் ஒளியையும் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு இருபதடி பின்னால், மூச்சையும் அடக்கியபடி, அவள் அண்ணன் சகாயராஜ் வந்துகொண்டிருந்தான். வாசகரே, அவன் நெஞ்சில் அன்று பெருமிதம் ததும்பியது மெய்தான். அதனடியில் ஓர் அச்சமும் கிடந்தது, அதை அவன் தங்கையிடம் சொல்லவில்லை.

அன்று அவளுக்கு வேலையின் முதல் நாள். பார்வையற்ற பிள்ளைகளுக்கு விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தைக் கற்பிக்கத் திண்டுக்கல்லில் ஒரு பள்ளி அவளை அழைத்திருந்தது. துணையின்றித் தானே வந்துபோக வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. இருட்டறையில் அடைந்து கிடந்தவளுக்கு அது மறுபிறப்பு. அவள் வலக்கைச் சுட்டுவிரல் ஏட்டின்மேல் ஓடும் விரைவைக் கண்டு, கண்ணுள்ளவர்களே வாய்பிளந்து நிற்பார்கள்.

காவல்துறையின் நாய்ப்படையில் பன்னிரண்டாண்டுகள் பயிற்றுநராக இருந்து விலகியவன் சகாயராஜ். எந்த நாய்க்கு எந்தப் பணி என்பது அவனுக்கு மனப்பாடம். வீட்டு வாசலைக் காக்கக் கோம்பை, தோட்டங்காக்க இராசபாளையம், ஓடுவதைத் துரத்தச் சிப்பிப்பாறை என்று பிறருக்கெல்லாம் எடுத்துரைத்தவனே, தன் தங்கை என்று வந்தபோது அத்தனையையும் மறந்தான். இல்லை, மறந்ததாக நடித்தான். அயல்நாட்டு நாய்களுக்கே பதக்கமும் படமும் கிடைக்க, நம் மண்ணின் நாய்கள் வாயிற்கம்பியில் கட்டுண்டு கிடக்கின்றனவே என்னும் பழைய எரிச்சல் அவன் கண்ணை மறைத்தது. மாறன் என்னும் சிப்பிப்பாறை நாயைத் தெரிந்தெடுத்து, எட்டு மாதம் திண்டுக்கல் தெருக்களில் நடத்திப் பழக்கினான்.

உடன் பணியாற்றிய அப்துல் ஜப்பார் அப்போதே தடுத்தார். வழிகாட்டவென்றே தாம் வளர்த்த டோனி என்னும் லேப்ரடார் நாயைத் தருவதாகவும் சொன்னார்.

"தம்பி, இது வேட்டை நாய்ப்பா. ஓடுறது ஒண்ணு கண்ணுல பட்டுச்சுன்னா அதுக்குக் காதே கேக்காது. டோனி சோத்துக்குத்தான் அலைவான், ஆனா ஆள விட்டு நகர மாட்டான். கூட்டிட்டுப் போ."

"நம்ம நாயால ஏலாதுன்னு நீங்களே சொன்னா எப்புடிண்ணே? செஞ்சு காட்டுறேன் பாருங்க," என்றான் சகாயராஜ். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு!

அந்த முதல் நாளுக்கு ஒரு மாதம் முன்பு, திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு கீரி குறுக்கே ஓட, மாறன் அவன் கையை உதறிவிட்டுப் பாய்ந்ததும், கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் தொண்டை வறண்டதும் யாருக்கும் தெரியாது. ஒருநாள் பிழைதானே என்று விழுங்கிவிட்டான். அது மட்டுமா? நாயைப் பிடிக்கும் கைவார் நழுவிவிடுமோ என்று தங்கை அஞ்சியபோது, அதை அவள் வலக்கை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டவனும் அவனே. மாடு பிடிக்கும் குடியில் பிறந்தவன்! கயிற்றைக் கையில் சுற்றாதே என்று கேட்டே வளர்ந்தவன்! என்ன சொல்லி என்ன!

நிலையம் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியின் கூவலும் தொலைவில் கேட்டது. அந்நேரம் மல்லிகைச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு முயல் பாதையில் தாவி, தண்டவாளத்தை நோக்கி ஓடிற்று. மாறன் வில்லாய் வளைந்து பாய்ந்தான்.

"அண்ணே!" என்று ஒரே ஓர் அலறல். விழுந்தவளைச் சரளைக் கற்களின்மேல் இழுத்துக்கொண்டு நாய் ஓடியது. சகாயராஜ் எப்படி ஓடினான், எப்படி வாரை அறுத்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. அவளை அவன் வாரி எடுத்தபோது வண்டி பத்தடி தள்ளிக் கடந்துபோனது. உயிர் தப்பியது. ஆனால் கல்லின் கூர்விளிம்பு அவள் மணிக்கட்டைக் கிழித்து நரம்பை அறுத்திருந்தது. தையல் ஆறியது, வலக்கைச் சுட்டுவிரலுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவேயில்லை. காய்ச்சல் கண்ணைப் பறித்தது. விரலில் மிஞ்சியிருந்த பார்வையை உடன்பிறந்தவனே பறித்தான்.

மருத்துவமனைக் கட்டிலருகே அவன் கீரியின் கதையைச் சொல்லி அழுதான்.

"நாய அடிச்சியா?" என்று கேட்டாள்.

"இல்லத்தா."

"அடிக்காத. அது ஓடத்தான் பிறந்துச்சு. நீ தெரிஞ்சே செஞ்ச."

குஜிலியம்பாறையில் ஆடு மேய்க்கும் மலைச்சாமியிடம் மாறனைக் கொண்டுபோய் ஒப்படைத்தான். குட்டிகளைக் கவர வந்த நரியின் பின்னே, அந்த வறண்ட வெளியில், கால் மண்ணில் பாவாமல் மாறன் பறந்ததைக் கண்டான். எத்துணை அழகு! எட்டு மாதம் அந்த அழகைத்தான் குற்றமென்று அடக்கிவந்தோம் என்று நினைத்தபோது, நின்ற இடத்திலேயே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

பள்ளி காத்திருந்தது. எட்டு மாதங்களில் இசைவாணி இடக்கை விரலுக்கு எழுத்தைப் புதிதாய்க் கற்பித்தாள். பழைய விரைவு வரவில்லை, ஆயினும் எழுத்து வந்தது. ஒரு கார்த்திகைக் காலையில் ஜப்பார், சொல்லிக்காட்டும் சொல் ஒன்றும் இல்லாமல், டோனியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சுட்டுவிரல் மரத்த வலக்கையால் கைப்பிடியைச் சுற்றாமல் பிடித்து, படிக்கும் இடக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் புறப்பட்டாள். பருத்த அந்த நாய் அவசரமின்றி அவளோடு நடந்தது. சகாயராஜும் செருப்பை மாட்டினான். அவள் நின்றாள்.

"பின்னால வராதண்ணே. உன் செருப்புச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். அவர்கள் வளைவில் மறைந்தார்கள். வண்டி வந்து, நின்று, கிளம்பிப் போன ஓசை தேய்ந்து அடங்கிய பின்னும், வெறுங்காலோடு அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.