ஓடத் தெரிந்தவன்

யதுர்ஷிகா முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகத் தொடங்கிப் பல வருடங்கள். அந்த வேலை சம்பளத்தோடு ஒரு பயத்தையும் கொடுத்திருந்தது. தார் வீதியை விட்டு இறங்கமாட்டாள். வயலுக்குப் போகவேண்டி வந்தால், முன்னால் போகும் கணவன் பிரதாபனின் தடத்தில்தான் காலை வைப்பாள். அவர்கள் ஊரான உடையார்கட்டுச் சனத்துக்கு அது பகிடி. பிரதாபனுக்கு மட்டும் அது மனக்குறை.

"சண்டை நடக்காத ஒரு மலைக்குப் போவம்," என்றான் ஒருநாள். "அங்கை நீ எனக்குப் பக்கத்திலை நடக்கோணும். அது காணும்."

அதற்காகத்தான் இந்தியாவுக்குப் போய், கூடலூர் மலை ஏறினார்கள். பத்து நாள் முன் பெய்த மழையில் காப்பித் தோட்டம் முழுக்கப் பூத்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகளின் கொப்பெல்லாம் வெள்ளை. வாசம் மூச்சை அடைத்தது. பிரதாபன் ஜீப்பிலிருந்து குதித்துச் செடிகளுக்குள் இறங்கிக் கையை நீட்டினான்.

"வா."

அவள் தாரின் ஓரத்தில் நின்றாள்.

"என்னக்கா, அட்டைக்குப் பயமா?" என்று சிரித்தார் ஜீப் ஓட்டி வந்த பழனியாண்டி.

"அட்டை இவவுக்குப் பயப்பிடும்," என்றான் பிரதாபன். "இவவுக்கு மண்ணுக்குத்தான் பயம். இஞ்சை ஒருத்தரும் வெடி ஒண்டும் புதைக்கேல்லையப்பா. வா!"

யதுர்ஷிகா ஒரு காலைப் புல்லில் வைத்தாள். மண் மெத்தென்று இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவன் முகம் மலர்ந்துபோனது. அவளைப் பார்த்தபடியே, கையை மடக்காமல், பின்பக்கமாக உள்ளே போனான். அவனுடைய குதிக்காலுக்குப் பின்னால் ஒரு தடி நட்டிருந்தது. அதன் நுனியில், முகமாலையில் வெடி இருக்கும் எல்லையைக் காட்டுவதுபோல, சிவப்புத் துணி.

"அசையாதேங்கோ!" என்று கத்தினாள் யதுர்ஷிகா.

வெடி நிலத்தில், எல்லைத் தடியைத் தாண்டப் போகிறவரை நிறுத்துகிற குரல் அது. கேட்டவர் அப்படியே உறைந்துவிட வேண்டும். சண்டை முடிந்து ஊருக்கு மீள்குடியேறிய காலத்தில் தன் காணிக்குள்ளேயே அப்படி நின்று தப்பியவன் பிரதாபன். தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றான்.

அதே நேரம் பழனியாண்டி ஜீப்பின் படியில் ஏறிக் கத்தினார்.

"சார், யானை! ரோட்டுக்கு ஓடி வாங்க! ஓடுங்க!"

செடிகள் சரியும் சத்தம் கேட்டது. பிரதாபன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். நிலத்தைப் பற்றி அவளுக்குத்தான் தெரியும் என்று நம்பியவன். அவள் வாயைத் திறந்தாள். ஓடுங்கோ என்ற சொல் வரவில்லை. வந்தது யானைதான்.

நோய் விழுந்த செடியைப் பிடுங்குவதற்காகக் கட்டிய துணி அது என்று தோட்டத்து ஆள் ஒருவர் பிறகு சொன்னார். வனத்துறைக்காரர் கேட்டபோது பழனியாண்டி அவளைப் பார்க்காமலே, "ஓட நேரமே இல்ல சார்," என்றார். அவள் மறுக்கவில்லை. ஊருக்கு வந்து, உடலை எடுத்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை கேட்டவர்கள் எல்லோருக்கும் அதையே சொன்னாள்.

செலவுக்கு வந்த சனம் போனபின் மாமியார் கமலாசனி குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். வருசா வருசம் வயலுக்கை யானை கலைச்சவன். ஓடித் தப்ப அவனுக்குத் தெரியாதே? ஏன் ஓடேல்லை?"

பழனியாண்டியின் சொல் யதுர்ஷிகாவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"நான்தான் அசையாதேங்கோ எண்டு கத்தினனான், மாமி. வெடி எண்டு நினைச்சிட்டன். அவர் நிண்டிட்டார்."

ஒழுங்கையால் ஒரு உழவு இயந்திரம் போனது. அதன் சத்தம் முழுதாக அடங்கியது.

"நீ சொன்னா நிப்பான்," என்றார் கமலாசனி கடைசியில். குரலில் கோபம் இல்லை. "இதை வேறை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. சனம் உன்னைத் திண்டுபோடும். எனக்குச் சொன்னது காணும்."

பிறகு எழுந்தார். கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வேம்படிக்குப் போய், வீட்டுக்கு முதுகு காட்டிப் போட்டு இருந்தார். யதுர்ஷிகா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.