நல்ல பிறப்பு

ஆஸ்பத்திரிக்குள் பி ஒன்பதாம் அறையைத் தேடி அல்போன்சா ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கணவன் சவரிமுத்துவின் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்திருந்தார்கள். முடிவு கேட்க வந்தவளிடம் டாக்டர் "பி நைன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த அறைக்குப் போகச் சொல்கிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது.

"பி பிளாக் ஆறோட முடிஞ்சிடுதும்மா," என்றார் வாட்ச்மேன்.

திரும்பி ஓடினால் டாக்டர் போய்விட்டிருந்தார். கவுன்டரில் இருந்த நர்ஸ் சிரித்தாள். "அது ரூம் இல்லம்மா, கட்டியைச் சொன்னாரு." அப்படியென்றால் என்னவென்று கேட்க அல்போன்சாவுக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

பஸ்ஸில் இடமிருந்தும் உட்கார முடியவில்லை. விவேக் நகரில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் மாடியில் குடியிருந்த ஸ்வர்ணா டீச்சரின் கதவைத் தட்டினாள். இரண்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுப்பவள். அவளுக்கும் தெரியவில்லை, அகராதியைப் புரட்டினாள்.

"பினைன்... கைண்ட், ஜென்டில். கருணையான, சாதுவான."

"கட்டிக்கு என்ன டீச்சர் கருணை? சரியா பாருங்க."

"லத்தீன்லேர்ந்து வந்ததாம். நல்லபடியா பொறந்ததுன்னு அர்த்தம்."

"அது நல்லா பொறந்து என் புருஷன் கழுத்துலயா வந்து உக்காரணும்?"

"இருங்க அல்போன்சா. எதிர்ப்பதம் மாலிக்னன்ட்னு போட்டிருக்கு. கெட்ட பிறப்பு."

அல்போன்சா எழுந்துவிட்டாள். அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். மாலிக்னன்ட் என்றால் கேன்சர் என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார். இது அதற்கு எதிர்ப்பதமா? நம்பிக்கை வராமல் முனையிலிருந்த போன் கடைக்கு ஓடி ஆஸ்பத்திரிக்குப் போட்டாள்.

"கேன்சர் இல்லம்மா. எத்தனை வாட்டி சொல்றது?" என்றது ஒரு குரல். அதுவரை யாரும் ஒரு வாட்டிகூடச் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் சவரிமுத்து நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவனிடம் கொழுப்புக் கட்டி என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

"எங்க போயிட்ட இவ்ளோ நேரம்?"

"சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.