ஓக்டனின் சரசரப்பும் என் புது பூட்ஸும்

அக்டோபர் பதினான்காம் தேதி காலை ஏழரை மணிக்கு ஓக்டன் எங்கள் துப்பாக்கி அறைக்குள் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சத்தம் வந்துவிட்டது. வாணலியில் அப்பளம் பொரிவதுபோல ஒரு சரசரப்பு. கழுத்திலிருந்து கணுக்கால்வரை புத்தம்புது நைலான். அதன்மேல் இலையும் கிளையும் மரப்பட்டையும் அச்சடித்திருந்தார்கள். எங்கள் மலையில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது.

"எப்படி இருக்கேன் கண்ணு?" என்று கேட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"காட்டுக்குள்ள நின்னீங்கன்னா உங்க வீட்டுக்காரம்மாகூட உங்களைக் கண்டுபிடிக்க முடியாது சார். ஆனா எங்ககிட்ட காடு இல்லையே."

கதவில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த மர்டோவுக்குப் புரையேறியது.

ஓக்டன் லங்காஷயரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். அறுபதாவது பிறந்தநாளுக்கு அவர் மனைவி டோரீன், ஒரு நாள் கலைமான் வேட்டையைப் பரிசாகக் கொடுத்து, மூன்று பை நிறையச் சாமானும் கட்டி அனுப்பியிருந்தார். அவருக்கு அன்று கொண்டாட்டம். எனக்கோ பரீட்சை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக இந்த எஸ்டேட்டில் என் வேலை மட்டக்குதிரையோடு. மலையில் சுட்ட மானைக் கீழே கொண்டுவருவது. விருந்தாளியை மான்வரை கூட்டிப்போகும் வழிகாட்டி மர்டோ. அந்த வருஷம் அவருடைய இடது முழங்கால் மலை ஏற மறுத்துவிட்டது. வெளியூரிலிருந்து ஒரு ஆளை எடுக்கலாமா என்று முதலாளி கடிதம் எழுதினார். "முதல்ல இந்தப் புள்ள ஒரு தடவை போகட்டும்" என்று மர்டோ பதில் போட்டார். என்னிடம் சொன்னது இன்னும் சுருக்கம்: "ஓக்டனை நீ கூட்டிட்டுப் போ, இஷ்பெல். குதிரையை நான் பாத்துக்கறேன். சாயங்காலம் அவர் என்ன சொல்றாரோ, அதை அப்படியே முதலாளிக்கு எழுதிடுவேன்."

இங்கே ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் தனியாக ஒரு ட்வீட், அதாவது முரட்டுக் கம்பளித் துணி, உண்டு. எங்களுடையது நனைந்த பாறையின் நிறம். நடுவே காய்ந்த புல் நிறத்தில் மெல்லிய கட்டம். வழிகாட்டிகளுக்கு மட்டும்தான் அதில் கோட்டும் கால்சட்டையும் தைத்துக் கொடுப்பார்கள். குதிரைக்காரிக்குக் கிடையாது. நான் என் அண்ணனின் பழைய கம்பளிக் கால்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்துப் போட்டிருந்தேன். காலாவது பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இன்வர்னெஸ் பட்டணம் போய்ப் புது பூட்ஸ் வாங்கி, மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்கியிருந்தேன்.

விருந்தாளியின் உடுப்பைச் சோதிக்க எனக்கென்று ஒரு முறை யோசித்து வைத்திருந்தேன். நான் சுவரைப் பார்த்து நிற்பேன். அவர் எனக்குப் பின்னால் அறையின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நடக்க வேண்டும், உட்கார வேண்டும், தவழ வேண்டும். என் காதில் எது விழுந்தாலும் அது மேசைக்குப் போய்விடும்.

"நடங்க சார்."

சரக், சரக்.

"கோட்டைக் கழட்டுங்க. கால்சட்டையும்தான். அங்க அலமாரியில பழைய ட்வீட் இருக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "இது யாரோடது? எனக்கு ரெண்டு பேர் வேணும்போல இருக்கே இதை நிரப்ப!"

"ஒரு கர்னல் விட்டுட்டுப் போனது. கயிறு போட்டுக் கட்டிக்கோங்க."

மறுபடி நடந்தார். இப்போது கலகலவென்று ஒரு சத்தம். புதினா மிட்டாய் டப்பா. மேசைக்குப் போனது. அடுத்து கிளிங் கிளிங். சாவிக்கொத்தில் ஒரு குட்டி மணி.

"அது ராசியான மணி, கண்ணு."

"யாருக்கு ராசி? மானுக்கா?"

தவழச் சொன்னேன். மொறுமொறுவென்று ஏதோ நொறுங்கியது. மதியச் சாப்பாட்டை டோரீன் பளபளக்கும் தாளில் சுற்றியிருந்தார். அதைப் பிரித்து ஒரு துணியில் கட்டிக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் மேசை சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. கடைசியாக மூன்றாவது பையைத் திறந்தால், உள்ளே டோரீன் கையால் பின்னிய தடித்த கம்பளிக் காலுறைகள், எட்டு ஜோடி, எல்லாம் பால் வெள்ளை.

"எட்டா? நாம ஒரு நாள்தானே போறோம், தென் துருவத்துக்கா?"

"ஒரு ஜோடியாவது எடுத்துக்கறேனே. ஈரக்காலோட இருந்தேன்னு தெரிஞ்சா அவ என்னை அடுப்பில வெச்சுடுவா."

சத்தம் போடாத பொருள் என்பதால் ஒரு ஜோடிக்கு அனுமதி கொடுத்தேன். சுட்டுப் பழகும் மேடைக்குக் கூட்டிப்போய், அங்கே குறிக்கு நிறுத்திய இரும்பு மான் மேல் மூன்று குண்டு சுடச் சொன்னேன். மூன்றும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பாலத்தடியில் குதிரையோடு நின்றுகொண்ட மர்டோ, "கர்னல் கால்சட்டை காத்துல பறந்துடாமப் பாத்துக்க, புள்ளே" என்று கத்தினார்.

வடமேற்குக் காற்று. அதற்கு எதிராக ஓடையில் இறங்கிக் கடந்து, இரண்டு மணி நேரம் ஏறி, மேட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். பள்ளத்தில் பதினொரு பெண்மான்கள். நடுவே தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஒரு கிழட்டுக் கலைமான். ஒரு பக்கக் கொம்பு வளைந்திருந்தது. சுட வேண்டியது அதைத்தான். முந்நூறு கஜம் தவழ வேண்டும்.

ஐம்பது கஜம் போயிருப்போம்.

கீச்.

ஒரு பெண்மான் தலையைத் தூக்கியது. முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டேன். அது மறுபடி மேயத் தொடங்கியதும் ஓக்டனைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வைக்கு அவருடைய ரொட்டி கருகியிருக்கும். சட்டைப்பையைக் காட்டினேன். பாவம், வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு கைக்குட்டைதான் இருந்தது. மறுபடி நகர்ந்தோம்.

கீச். கீச்.

இப்போது மூன்று தலைகள். வழிகாட்டி வேலை என் கையைவிட்டு வழுக்கிப் போவது கண்ணுக்கே தெரிந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, "கயிறா? பெல்ட்டா? என்னத்த போட்டிருக்கீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

ஓக்டன் மெதுவாக ஒரு விரலை நீட்டி என் காலைத் தொட்டார்.

பாதத்தை லேசாக அசைத்தேன். கீச்.

மூன்று வாரமும் காய்ந்த பலகைத் தரையில் நடந்திருக்கிறேன். ஓடைத் தண்ணீர் ஏறிய புதுத்தோல், நாக்கும் கயிறு கோர்க்கும் வளையமும் உரசிப் பாடத் தொடங்கிவிட்டது. அவரை அரைமணி நேரம் தவழவிட்டேன். என் காலை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. புது பூட்ஸோடு மலை ஏறக்கூடாது என்று இந்தப் பள்ளத்தாக்கில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

படுத்தபடியே கயிற்றை அவிழ்த்து பூட்ஸைக் கழற்றினேன். என் காலுறைகள் மெல்லியவை; முன்னால் கிடந்ததோ கூர்க்கல்லும் முள்புதரும். ஓக்டன் தன் பைக்குள் கைவிட்டு டோரீனின் காலுறைகளை நீட்டினார்.

"வெள்ளை" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த கரிய சேற்றுக்குழியைப் பார்த்தார். காலுறைகளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மணிக்கட்டுவரை முக்கிப் பிழிந்து கொடுத்தார். "டோரீன் கேட்டா, பாதி வழியில செத்துப்போயிட்டேன்னு சொல்லிடு, கண்ணு."

சிரிப்பை அடக்க என் கையைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மிச்ச தூரத்தில் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. பாறை மறைவில் அவரைப் படுக்கவைத்து, உறையிலிருந்து ரைஃபிளை எடுத்துக் கையில் கொடுத்தேன். கலைமான் பக்கவாட்டில் திரும்பும்வரை இருபது நிமிஷம் காத்திருந்தோம். ஒரே குண்டு. அது நான்கு அடி வைத்துச் சாய்ந்தது. ஓக்டன் தொப்பியைக் கழற்றினார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு துணி மூட்டையைப் பிரித்து, தன் கடை ரொட்டியில் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தார்.

மானின் கொம்பில் கயிறு கட்டி, குதிரை நின்ற பாலத்தை நோக்கி இருவருமாக இழுத்துக்கொண்டு இறங்கினோம். இறங்கும்போது பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். பாலம்வரை அது பாடிக்கொண்டே வந்தது. ஓக்டன் கூடவே சீட்டியடித்தார்.

"மர்டோகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா நடந்துச்சுன்னு சொல்வேன். நடந்தது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

அது போதும் என்றுதான் பாலம்வரை நினைத்தேன். துப்பாக்கி அறையில் மிட்டாய் டப்பாவும் மணியும் நைலான் கோட்டும் காலையில் வைத்தபடியே மேசையில் கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் மனசு ஒப்பவில்லை. பூட்ஸைக் கழற்றி அவற்றுக்கு நடுவே வைத்தேன்.

மர்டோ உள்ளே வந்தார். "இது யாரோடது?"

"என்னோடது. ஓடையைத் தாண்டினதும் கத்த ஆரம்பிச்சது. நான் இவரைச் சந்தேகப்பட்டேன். இவர்தான் கண்டுபிடிச்சார்."

"புதுசா?"

"புதுசு."

மர்டோ என் காலைப் பார்த்தார். காய்ந்த சேறு அப்பிய காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. ஓக்டனைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"இரவல் கால்சட்டையில என்னை ஒரு மைல் புரட்டினா. என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாத்தா. அடுத்த வருஷமும் இவதான் வேணும்" என்றார் ஓக்டன்.

மர்டோ இழுப்பறையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார். "கையைத் தூக்கு. வியாழக்கிழமை தையல்காரருக்கு அளவு அனுப்பணும்." கையைத் தூக்கினேன். கால்சட்டை நீளத்துக்குக் குனிந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். "அப்புறம் அந்த பூட்ஸை ஓடையில ஊறப்போடு. வாயை மூடறவரைக்கும் அதுலயே நட."

எங்கள் எஸ்டேட் துணியில் தைத்த கோட்டு டிசம்பரில் வந்தது. சோதனை முறையை நான் விடவில்லை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் விருந்தாளி முதலில் சுவரைப் பார்த்து நிற்பார். வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் நான் நடப்பேன்.