இடப்பக்கத்து அலை

பள்ளியில் இயற்பியல் நடத்துகிற வாத்தியார் வீட்டிலும் அதையே நடத்தினார். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அவருக்கு எதையும் கணக்குப் போட்டுத்தான் செய்ய வரும். செய்து முடித்த பிறகுதான் எந்தக் கணக்கை விட்டோம் என்பது தெரியவரும்.

அந்தப் பழைய மோட்டார் படகை மகளுக்காகத்தான் வாங்கினார். பலகையில் நின்று, கயிற்றைப் பிடித்தபடி படகின் பின்னால் நீரில் சறுக்குவதென்றால் அவளுக்கு உயிர். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஏரியில் அவர் ஓட்டுவார், அவள் பின்னால் வருவாள், அம்மா நடுவில் உட்கார்ந்து காவல் பார்ப்பாள். மற்ற ஆறு நாளும் அப்பா என்ன கேட்டாலும் ‘ம்’ என்கிற பதினைந்து வயதுப் பெண், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாய் ஓயாமல் பேசினாள்.

இப்போது அவளுக்குக் கயிற்றையே விட்டுவிட்டு, படகு எழுப்புகிற அலையின் மேல் சறுக்க ஆசை. அவர் படகு எழுப்பிய அலைக்கு ஒரு வாத்துகூட ஒதுங்கவில்லை. தோழியின் அப்பாவான பல் டாக்டர் புதுப் படகு வாங்கியிருக்கிறார், அதில் வரச் சொல்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் மகள் மெல்லச் சொன்னாள். வாத்தியாருக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறும் கைவிட்டுப் போனால் மகளிடமிருந்து தனக்கு மிஞ்சுவது அந்த ‘ம்’ மட்டும்தான். கொஞ்சம் பொறு, அலையை நான் உண்டாக்கித் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

வழி சுலபம்தான். படகின் பின்மூலையில் ஒரு பக்கம் கனத்தை ஏற்றினால் அந்தப் பக்கம் படகு அமிழும்; அந்தப் பக்கத்து அலை உயரும். அதற்கென்றே பம்ப் வைத்த தண்ணீர்ப் பைகள் கடையில் உண்டு. ஆனால் ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற ஜாதகம் அவருடையது. பழைய ஜீன்ஸ் பேண்ட்டுகளின் கால்களை வெட்டி, மணலை அடைத்து, இரு முனையிலும் கட்டினார். வாசலில் அவை வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் நிஜமாகவே பயந்துபோனார். ஏரியில் தையல் விட்டு, மணல் கசிந்து, படகுக்குள் சேரும் நீரை வெளியேற்றுகிற பம்பை அடைத்துக்கொண்டது. மூவரும் குவளையால் நீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள்.

அசருகிற ஆளா அவர்? ஈரம் ஏறி விற்காமல் கிடந்த சிமெண்ட் மூட்டைகளை, இடம் காலியானால் போதும் என்று கட்டுமானச் சாமான் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். புதையல் கிடைத்த சந்தோஷத்தில் அவற்றைப் பின்பக்கப் பெட்டிக்குள் இடப்பக்கமாக அடுக்கினார். பலகையில் நிற்பவருக்கு எந்தக் கால் முன்னால் வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் எந்தப் பக்கத்து அலை என்பது. இடது கால் முன்னால் என்றால் இடப்பக்கம்.

“அவகிட்ட எந்தக் கால்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

“ரெண்டு வருஷமா இழுத்துட்டுப் போறவன் நான். எனக்குத் தெரியாதா?”

ஞாயிறு வந்தது, அலையும் வந்தது. இடுப்பளவுக்கு, கண்ணாடி மாதிரி. வாத்தியார் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். பின்னால் மகள் விழுந்தாள்; எழுந்தாள்; மறுபடி விழுந்தாள். வலப்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே வெறும் நுரை. கடைசியில் படகில் ஏறித் துண்டைப் போர்த்திக்கொண்டாள்.

“அப்பா, எனக்கு வலது கால்தான் முன்னாடி வரும்.”

“எப்பலேர்ந்து?”

“எப்பவுமே.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். இரண்டு வருடமாக என் முன்னால் இருந்த நீரைப் பார்த்தேனே ஒழிய, பின்னால் வந்த பிள்ளையை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மூட்டைகளை வலப்பக்கம் மாற்றலாம் என்று பெட்டியைத் திறந்தார். அடியில் தேங்கியிருந்த நீர் தன் வேலையை முடித்திருந்தது. இயற்பியல் வாத்தியாருக்கு வேதியியல் மறந்துபோயிற்று. மூட்டைகளெல்லாம் ஒரே பாறையாகிப் படகோடு ஒட்டிக்கொண்டிருந்தன. உளியால் தட்டியதில் உளிதான் மழுங்கியது. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து வணக்கம் சொல்லிக்கொண்டு படகு வாசலில் நின்றது.

அடுத்த வார நடுவில் மகள் அவர் அறை வாசலில் வந்து தயங்கினாள்.

“டாக்டர் அங்கிள் படகுல வலப்பக்கத்துப் பை பம்ப் வேலை செய்யலையாம். அந்தப் பக்கம் கனத்துக்கு ஆள் வேணுமாம்ப்பா. உங்களைக் கூட்டிட்டு வரவான்னு நான்தான் கேட்டேன்.”

கூடத்தில் மனைவி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இங்கே கேட்டது. படித்து வாங்கின பட்டமெல்லாம் போய்க் கடைசியில் ஒரு மூட்டையாக வேலை கிடைத்திருக்கிறது என்று வாத்தியார் நொந்துகொண்டார். ஆனாலும் போனார்.

பின்பக்க வலது மூலையில், பின்னோக்கி உட்கார வைத்தார்கள். கொஞ்சம் ஓரமாக நகரச் சொன்னார்கள், நகர்ந்தார். அலை எழுந்தது. மகள் வலது காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். விழப்போகும் கணத்தில் அவள் முகம் சுருங்குவதையும், சமாளித்ததும் தனக்குத்தானே எதையோ சொல்லிக்கொள்வதையும் அவர் இதுவரை கண்டதில்லை. கயிற்றை விட்டாள். நின்றாள். கை எட்டுகிற தூரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு நாள் எதை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் மரியாதை தெரிந்த மனிதர். வேகத்தைக் குறைத்துத் திரும்பினார்.

“சார், நீங்க கொஞ்ச நேரம் ஓட்டுறீங்களா? நான் அங்க உட்கார்றேன்.”

“வேண்டாம் டாக்டர்,” என்றார் வாத்தியார், திரும்பாமலே. “நான் இங்கயே இருக்கேன்.”