தீ வைக்குமுன் அழைக்கும் பெயர்

விடிவெள்ளி மங்குமுன்னரே பர்மிய நகரோரத்து லைங் தாயாவுக்கு மேற்கேயுள்ள புல்வெளியில் அரிவாள்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆளை மறைக்கும் கைங் புல். பனியில் நனைந்த அதன் தாள் ஒவ்வொன்றும் இருபுறமும் கூர்மையுடையது. இடக்கையால் ஒரு பிடி வளைத்து, குனிந்து, அடியோடு அரிந்து, பின்னால் கிடத்தி, நிமிராமலே அடுத்த பிடியை வளைக்க வேண்டும். முழங்கை வரை சாக்குத் துணி சுற்றியிருந்தும் தோளில் கோடு கோடாகக் கீறல் விழும். வியர்வை இறங்கி அந்தக் கோடுகளில் எரியும். கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கலாம் என்பதால் ஒவ்வொரு பிடிக்கும் முன் அரிவாளின் முதுகால் தூரைத் தட்டுவார்கள். அந்த மாசி விடியலில், தட்டும் ஓசையும் அரியும் ஓசையும் மாறி மாறிக் கேட்க, வேலம்மா தன் கணவனுக்கு இடப்பக்கத்தில் குனிந்து அரிந்துகொண்டிருந்தாள்.

பழம்புலவர் இந்நிலத்தைக் கண்டிருந்தால் முல்லையென்று பெயரிட்டு, காத்திருத்தலே இதன் ஒழுக்கமென்று சொல்லியிருப்பர். அதில் பிழையில்லை. வெள்ளையர் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய தமிழ்க் கூலிகள் இங்கே புல்லை எரித்து, வேரைக் கல்லி, நெல் விளைவித்தனர். போர் வந்தது. விளைவித்தவர்கள் மேற்கு மலைகளை நோக்கி நடந்து வழியெல்லாம் மடிந்தனர். காத்திருந்த புல் வயலை மூடிக்கொண்டது. பின்னொரு காலத்தில் கடைகளும் தொழில்களும் அரசிடம் பறிபோக, எஞ்சியவருள் பலர் மறுபடியும் கப்பலேறினர். கப்பலேறவும் கதியற்றவர்கள் அரிவாளோடு இந்தப் புல்லிடம் வந்து சேர்ந்தனர். கூரை வேயவும் மாட்டுக்குப் போடவும் நகரத்துக்குப் புல் வேண்டியிருந்தது. மான்கள் அற்றுப்போயின. காடையும் கௌதாரியும் இருந்தன. தாழ்வான ஓரத்தில், சதுப்பு நீரருகே, செந்தலை நாரைகள் இணை இணையாக நின்றன. ஒன்று கழுத்தை நீட்டிக் கூவினால் மற்றது அக்கணமே எதிர்க்கூவும். அன்றிலைப் பாடியவர்கள் இவற்றையும் பாடியிருக்கலாம்.

புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் தங்கவேலு. நகரத்துப் பசுந்தாங் பகுதியில் பால்மாடுகளும் கூரைப்புல் கிடங்கும் உடையவர். தமிழரும் பர்மியரும் அவரை ‘ஊ தங்கவேலு’ என்றே மரியாதையாக அழைத்தனர். கட்டு அளக்கும் கயிறு அவருடையது. ஆண்டுதோறும் அந்தக் கயிறு சற்றே நீண்டது, கூலி நீளவில்லை. இவ்வாண்டு ஆடைத் தொழிற்சாலைக்காரர்கள் நிலத்தைக் கேட்டார்கள். வெட்டி விற்பதைவிட வெறும் நிலமாகக் கைமாற்றுவதே ஆதாயம் என்று கண்ட தங்கவேலு, ஆட்களில் பாதிப்பேரைப் பொங்கல் கழிந்ததுமே நிறுத்திவிட்டார்.

நிறுத்தப்பட்டவர்களுள் நூருன்னிசாவும் ஒருத்தி. அவள் நீங்கியதால் வரிசையில் என்ன குறைந்தது என்று அப்போது ஒருவருக்கும் புலப்படவில்லை.

புல் அரிபவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாசியில் தாளெரிக்கும்போது எல்லோரும் வெளியே வந்து கரையில் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி பற்றவைக்காத பந்தத்தோடு நடுவில் நிற்பார். ஒவ்வொருவரும் தம் வலப்பக்கத்து ஆளின் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும். பெயருக்குரியவர், ‘வெளியே’ என்று குரல் கொடுப்பார். கடைசிக் குரல் கேட்ட பின்பே பந்தத்தில் தீ ஏறும். புல்லுக்குள் ஒருவர் குனிந்திருந்தால் பத்தடியில் நிற்பவருக்கும் தெரியாது. அவர் இருக்கிறார் என்பதற்கு அவர் பெயரே சாட்சி. பர்மியரும் இந்தச் சட்டத்தை மீறியதில்லை.

வேலம்மாவின் வலப்பக்கம் எப்போதும் அவள் கணவன் அப்பாசாமி. கணவன் பெயரை அவள் வாய் சொன்னதேயில்லை. வெள்ளிதோறும் மாரியம்மன் சந்நிதியில் ஆயிரம் பெயர் சொல்லி அன்னையைப் போற்றும் வாய்தான் அது. அந்த ஒரு பெயர் மட்டும் அதற்கு விலக்கு. அவள் சொல்லாததை அவளுக்கு இடப்பக்கம் நின்ற நூருன்னிசா சொல்லிவந்தாள். வேலம்மாவை அழைத்த மூச்சிலேயே அப்பாசாமியையும் அழைத்துவிடுவாள். பழகிப்போன அந்த ஏற்பாட்டை ஒருவரும் எண்ணிப்பார்த்ததில்லை.

அன்று சூரியன் பனைக்கு மேல் வந்தபோது தங்கவேலுவின் வண்டி கரையில் வந்து நின்றது. தொழிற்சாலைக்காரர்கள் உள்ளே அமர்ந்திருந்தார்கள். அரிந்தது போதும், மேற்குப் பாதியை நின்ற புல்லோடு எரித்துவிட வேண்டும் என்று மேஸ்திரி கமாலுக்கு உத்தரவாயிற்று. அப்பாசாமி உள்ளேதான் இருந்தான். தகரத்தைத் தட்டிக்கொண்டு கடைசியாக ஒரு முறை நடந்து, காடைகளையும் முயல்களையும் சதுப்புப் பக்கம் ஓட்டிவிட்டு வருவது அவன் வேலை. காற்று அப்பால் வீசியதால் தகரத்தின் ஓசை கரைக்கு எட்டவில்லை.

பெயர்கள் அழைக்கப்பட்டன. ‘வெளியே’, ‘வெளியே’ என்று குரல்கள் வந்தன. வேலம்மாவின் முறை வந்தது. அவள் வாய் திறந்தாள். இடப்பக்கம் திரும்பினாள்; அங்கே நூருன்னிசா இல்லை.

“அவரு… இவரு இன்னும்…” என்றாள்.

வண்டியின் ஒலிப்பான் நீண்டு அலறியது. “அவரு இவருன்னா யாரு? எல்லாம் வந்தாச்சு. கொளுத்து, கமாலு!” என்றார் தங்கவேலு.

கமால் ஒரு கணம் தயங்கினார். பிறகு கொளுத்தினார்.

மாசிக் காற்றில் புல்லெரியும் வேகத்துக்கு உவமை தேட வேண்டியதில்லை. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வேலம்மா அலறினாள். அப்போதும் பெயர் வரவில்லை. “ஏங்க! ஏங்க!” என்றே அலறினாள். நெருப்பின் இரைச்சலில் அது எந்தப் பெண்ணும் எந்தக் கணவனையும் அழைக்கும் குரலாய்க் கரைந்தது.

அப்பாசாமி சதுப்பில் விழுந்து உயிர் பிழைத்தான். முதுகும் தொடைகளும் வெந்து, புகை புகுந்த தொண்டையில் குரல் அற்றுப்போய்க் கிடந்தவனை நகரத்து மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். மருந்துக்குக் காது மூக்கிலிருந்தவை தீர்ந்ததும் குடிசைக்கே கொண்டுவந்து கயிற்றுக் கட்டிலில் வாழையிலை விரித்துக் கிடத்தினார்கள். வேலம்மா ஈக்களை ஓட்டிக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, அவள் கோயிலுக்குப் போகவில்லை. அவன் பார்க்கும்போது அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

தங்கவேலு ஒருநாள் பால் டின்களோடு வந்தார். கட்டிலைப் பார்த்து வருத்தம் தெரிவித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார். கிழக்குப் பாதியையும் வரும் வாரம் எரிக்கப் போகிறார். புல்லோரத்துக் குடிசைகள் அதற்குள் காலியாக வேண்டும். நகரத்தின் மறுகோடியிலுள்ள தாகேதாவுக்கோ வேறெங்கோ போய்ப் பிழைத்துக்கொள்ளலாம்.

“இந்த உடம்பத் தூக்கிக்கிட்டு எங்க முதலாளி போறது?” என்றாள் வேலம்மா.

“அதுக்கு நான் என்ன பண்ண? சட்டம் உங்களோடது. பேரைக் கூப்பிட வேண்டியது நீ. கூப்பிட்டியா? உன் வாய நானா கட்டிவெச்சேன்?”

அவர் சொன்னது அவள் தனக்குள் பகலும் இரவும் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அவர் போன பின் அரிவாளை எடுத்து நெடுநேரம் மடியில் வைத்திருந்தாள். கட்டிலிலிருந்து ஒரு முனகல் வர, அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் நூருன்னிசா வந்தாள். தொழிற்சாலைகளின் வாசல் வாசலாக அலைந்தும், வயது மிகுந்துவிட்டதென்று ஒருவரும் அவளைச் சேர்க்கவில்லை. எண்ணெய்ப் புட்டியைத் திறந்து புண்ணைச் சுற்றி மயிலிறகால் தடவியபடியே, வேலம்மா சொல்லி அழுததையெல்லாம் கேட்டாள்.

“நான்தான் எரிச்சேன் நூருக்கா. வேற யாருமில்ல.”

“அழுது முடிச்சியா? இப்ப நான் கேக்கறதுக்குச் சொல்லு. நான் உன் பக்கத்துல நின்னிருந்தா உன் புருசன் பேரு வந்திருக்குமா, வராதா?”

“வந்திருக்கும்.”

“என்னை அந்த எடத்துலேருந்து எடுத்தது நீயா?”

வேலம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“பாதி ஆளை எடுத்தா மீதி ஆளு சாவாங்கன்னு அந்தாளுக்கு அக்கறை இல்ல. ஹாரன அடிச்சது நீயா? நீ சொல்லலைன்னு சொல்றானே, நீ சொல்ல வந்ததைக் கேட்டானா?”

வாசலில் நிழலாடியது. கமால் நின்றிருந்தார், உள்ளே வரும் துணிவு அவருக்கில்லை. தொழுகைத் தொப்பியைக் கையில் கசக்கியபடி, கிழக்கு எரிப்பு நாளைச் சொன்னார். பந்தத்தை இனித் தாம் தொடப்போவதில்லை என்றும், முதலாளி வெளியாட்களை வைத்திருக்கிறார் என்றும் சொன்னார். கூடப் புல் அரியும் பர்மியக் கூட்டாளி கோ தவுங்கும் குடிசைக்காரர் சிலரும் அவர் பின்னால் வந்து குந்தினர். வார்டு அலுவலகத்தில் முறையிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடிப் போனாலே உள்ளே தள்ளுவார்கள் என்றான் கோ தவுங். ஐந்து பேருக்கு மேல் கூடுவதே குற்றமாயிருந்த காலம் அது. வெளியே புல் அசைந்தது.

“நம்ம சட்டம் ஒண்ணு இருக்கே” என்றாள் நூருன்னிசா. “வெளியேன்னு சொன்னாத்தான தீ? சொல்லாம இருந்தா?”

அவள் நினைத்தது மெல்லப் புரிந்தது. எல்லோரும் புல்லுக்குள் போய்விடுவது. ஆளுக்கொரு திக்கில் அமர்ந்துவிடுவது. யார் எங்கே என்று வெளியே தெரியாது. ஒருவர் மட்டும் கரையில் நின்று பெயர் அழைப்பது. தீ வைப்பவன் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

“கேக்காம வெச்சுட்டா?” என்றார் கமால்.

“வெச்சா வெந்துதான் போவோம். தாகேதா ரோட்டோரம் கெடந்து சாவறதுக்கு இது மோசமா?”

கட்டிலிலிருந்து காற்றுப் போல ஒரு குரல் வந்தது. “என்னையும்… தூக்கிட்டுப் போங்க.”

வேலம்மா மறுத்தாள். அப்பாசாமி அவள் கையைப் பற்றினான். வெந்து கிடந்தவனின் விரல்களுக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்ததோ. “நீ கரையில நில்லு” என்றான்.

குறித்த நாளின் காலையில் பனி விலகியதும் தங்கவேலு வந்தார். பின்னால் பந்தங்களோடு மூன்று பர்மிய இளைஞர்கள் வந்தார்கள். கிழக்குப் பாதி மஞ்சளாய்க் காய்ந்து சலசலத்தது. கரையில் வேலம்மா ஒருத்தியே நின்றாள்.

“ஒழிஞ்சதுங்களா எல்லாம்?” என்று கேட்டார்.

“பேரு கூப்பிடாம தீ வெக்கக் கூடாது முதலாளி.”

அவர் சிரித்தார். “நீயா கூப்பிடப் போற? உனக்குத்தான் வாயடைச்சுப் போகுமே.”

வேலம்மா புல்லை நோக்கித் திரும்பினாள். “நூருன்னிசா!” என்று கூவினாள்.

எங்கோ நடுவிலிருந்து குரல் எழுந்தது. “உள்ளே!”

“கமால்!”

“உள்ளே!”

கோ தவுங்கை அழைத்தாள். அவன் பர்மிய மொழியில் உள்ளே என்றான். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். நிறுத்தப்பட்டவர்களின் பெயர்களும் வந்தன; தெற்கிலும் வடக்கிலும் சதுப்போரத்திலும் குரல்கள் எழுந்தன. ஒரு முகமும் தெரியவில்லை. புல்வெளியே வாய் திறந்து மறுமொழி சொன்னது போலிருந்தது. பந்தம் ஏந்திய இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கவேலுவின் முகம் சிவந்தது. “அஞ்சு பேருக்கு மேல கூடினா என்ன ஆகும் தெரியுமாடி? ஒரு போன் போட்டா போலீஸ் லாரி வந்து நிக்கும்.”

பதில் புல்லுக்குள்ளிருந்து வந்தது, நூருன்னிசாவின் குரல். “எங்க கூடியிருக்கோம் ஊ தங்கவேலு? ஆளுக்கொரு மூலையில ஒத்தையாத்தான உக்காந்திருக்கோம். வேணும்னா உள்ள வந்து எண்ணிப் பாரு. விரியன் இருக்கும், தட்டிக்கிட்டு வா.”

யாரோ சிரித்தார்கள். அச்சத்தோடு கலந்த சிரிப்பு.

“இவளுங்க நாடகம். எல்லாம் கூப்பிட்டு முடிஞ்சதா இல்லையா?” என்று கத்தினார் அவர். இளைஞர்களிடம் திரும்பிக் கையை வீசினார். ஒருவன் தீப்பெட்டியை எடுத்தான்.

“இல்ல. இன்னும் ஒருத்தரு இருக்காரு” என்றாள் வேலம்மா.

அவள் இடப்பக்கம் திரும்பவில்லை. அங்கே ஒருவரும் இல்லையென்று அறிவாள். தாயிடம் கற்றதும், தாலி ஏறிய நாள்முதல் காத்ததும், அந்தப் பெயரை மறித்து நின்றன. தீக்குச்சி உரசும் ஓசை கேட்டது. கருவறைமுன் நிற்பவள் போலக் கண்களை மூடினாள்.

“அப்பாசாமி!”

அவள் குரல் அவளுக்கே புதிதாயிருந்தது. சதுப்பில் ஒரு நாரை தலை உயர்த்தியது. மறுமொழி இல்லை. காற்றில் புல் ஒருமுறை சாய்ந்து எழுந்தது. தீக்குச்சியைக் கையால் மறைத்துப் பிடித்திருந்த இளைஞன் மூச்சடக்கிக் கேட்டான்.

“அப்பாசாமி!”

புல்லின் ஆழத்திலிருந்து, புகையால் அரிக்கப்பட்ட, குரலென்றே சொல்லமுடியாத ஒரு குரல் வந்தது.

“உள்ளே…”

தீக்குச்சி இளைஞனின் விரல்வரை எரிந்து அணைந்தது. அவன் இன்னொன்றை எடுக்கவில்லை. அதட்டினார் தங்கவேலு, அவன் பந்தத்தைக் கரையில் சாத்திவிட்டு, பர்மிய மொழியில், ஆள் எங்கேயிருக்கிறானென்று தெரியாமல் தன்னால் முடியாது என்றான். மற்ற இருவரும் பந்தங்களைக் கீழே இறக்கிக்கொண்டார்கள்.

லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார் தங்கவேலு. வருவார், அதில் ஐயமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் ஒரு குடம்தான் இருந்தது. கட்டிலோடு உள்ளே கிடப்பவனின் புண்ணுக்குப் புல்லின் தூசி ஆகாது. பாதையின் வளைவில் வண்டியின் புழுதி அடங்கும்வரை வேலம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, கரையை விட்டு இறங்காமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் அழைக்கத் தொடங்கினாள். இம்முறை அப்பாசாமியின் பெயரிலிருந்து தொடங்கினாள்.